‘வறட்சி வந்தது, அரசு வீழ்ந்தது’ என்று எழுதுவதற்கு முன்

மழை பொய்த்தது, அரசு வீழ்ந்தது, மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். ஆப்பிரிக்க வரலாற்றுக் கட்டுரைகளில் அலுக்காமல் வரும் விளக்கம் இது. பழைய எகிப்திலிருந்து ஜூலு நாடு வரை எதற்கும் பொருந்துவதுதான் இதன் குறை.

மாப்புங்குப்வேயை எடுத்துக்கொள்வோம். லிம்போபோ, ஷாஷே ஆறுகள் கூடும் இடத்தில், இன்றைய தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா எல்லைகள் சந்திக்கும் பகுதியில் இருந்த தலைநகரம். தந்தமும் தங்கமும் இங்கிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போயின. கண்ணாடி மணிகள் வந்தன. 1300 வாக்கில் நகரம் கைவிடப்பட்டது. குளிரும் வறட்சியும் சேர்ந்து வேளாண்மையை முடக்கின என்பது நெடுநாள் விளக்கம். பின்னர், பழங்கால மழையளவை மதிப்பிட, அப்பகுதி விலங்கு எலும்புகளில் உள்ள நைட்ரஜனின் ஐசோடோப்புகளைச் சோதித்தவர்கள் அந்த விளக்கத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். தங்க வணிகம் இன்றைய ஜிம்பாப்வேயில் இருந்த கிரேட் ஜிம்பாப்வே நகரின் பக்கம் திரும்பியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வறட்சிக்கும் வீழ்ச்சிக்கும் ஒரே நூற்றாண்டு கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. எது முந்தியது, அதே ஆற்றுப்படுகையில் நடந்ததா என்று பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது.

அந்த ஊரைப் பற்றி எழுதும்போதே இன்னொரு தவறும் நடக்கிறது. மழை வேண்டிச் செய்த சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். மாப்புங்குப்வே குன்று முன்பு மழைச் சடங்கு நடந்த இடம் என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். 1220 வாக்கில் அரசன் அதன் உச்சியிலேயே குடியேறினான். மழையைத் தருபவன் நானே என்று அவன் எல்லோருக்கும் அறிவித்துவிட்டான். இது அப்பட்டமான அரசியல். மழை தவறினால் பழியும் அவன் தலையில்தான். இப்பகுதியின் பழைய ஊர்களில் எரிந்து செங்கல்லாக இறுகிய மண் குதிர்கள் கிடைக்கின்றன. கடும் வறட்சியில் தீட்டுக் கழிக்க மக்களே தீயிட்டவை அவை என்று ஒரு வாதம் உண்டு. கவர்ச்சியான வாதம்தான், ஆனால் போரிலும் குதிர் எரியும்.

ஐரோப்பாவின் காலநிலைக் காலகட்டங்களை அப்படியே ஆப்பிரிக்காவில் ஒட்டுவது அடுத்த தவறு. கென்யாவின் நைவாஷா ஏரிப் படிவுகள் ஏறத்தாழ 1000 முதல் 1270 வரை வறண்ட காலத்தைக் காட்டுகின்றன. அதன் பிறகு, ஐரோப்பா ‘சிறு பனிக்காலம்’ என்று நடுங்கிய நூற்றாண்டுகளில், அங்கே பெரும்பாலும் ஈரமே. இடையில் 1390–1420, 1560–1625, 1760–1840 ஆகிய மூன்று நீண்ட வறட்சிகள். அப்பகுதி மக்களின் வாய்மொழி மரபிலுள்ள பஞ்சக் கதைகள் இவற்றோடு ஒத்துப்போகின்றன. அந்தக் கதைகளை ஆதாரமில்லாதவை என்று ஒதுக்குபவர்களுக்கு ஏரிச் சேறே பதில்.

வறட்சியைத் தனியாளாக மேடையேற்றவும் கூடாது. இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்கிலுள்ள ஜூலு நாட்டில் 1800ஐ ஒட்டிப் பெரும் பஞ்சம். அதற்கு முன்பே போர்த்துகீசியர் வழியாக வந்த மக்காச்சோளம் பரவத் தொடங்கியிருந்தது. நல்ல மழையில் அது அள்ளிக் கொடுக்கும். மழை தவறினால் சோளமும் கம்பும் தாங்கும் அளவுக்குத் தாங்காது. டெலகோவா விரிகுடாவின் (இன்றைய மொசாம்பிக்கின் மபுட்டோ விரிகுடா) தந்த வணிகம், மேய்ச்சல் நிலப் போட்டி, அடிமை வணிகத்தின் பங்கு குறித்த தீராத விவாதம் எல்லாம் சேர்ந்த சூழலில்தான் ஜூலு அரசர் ஷாக்கா எழுந்தார்.

வறட்சியும் பஞ்சமும் ஒன்றல்ல. நம் ஊர் தாது வருஷப் பஞ்சத்தின் பின்னணியில் இருந்த அதே எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி உலகின் மழையைக் குலைக்கும் நிகழ்வு) 1877இல் நைல் வெள்ளத்தையும் வெகுவாகத் தாழ்த்தியது. அடுத்த ஆண்டு மேல் எகிப்தில் (எகிப்தின் தென்பகுதி) மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, ஐரோப்பியக் கடன்காரர்களுக்கு வட்டி கட்டுவதற்காக அவர்களிடமே வரி வசூல் நடந்தது.