ஸ்டீபன் குவின்டெட்டைப் படமெடுக்கும்போது வடிகட்டியில் கவனம்

பெகாசஸ் விண்மீன் குழாமில் உள்ள ஸ்டீபன் குவின்டெட் என்ற ஐந்து விண்மீன் திரள்களின் குழுவை, 1877-இல் மார்செய் வான் ஆய்வகத்தில் எடுவார் ஸ்டீபன் கண்டறிந்தார். ஐந்து விண்மீன் திரள்களும் ஏறத்தாழ 4 கலை அகலத்துக்குள் (ஒரு கலை என்பது பாகையின் 60-இல் ஒரு பங்கு) அடங்கிவிடுவதால், சிறிய தொலைநோக்கியில் அவை வெறும் மங்கலான திட்டாகவே பதியும். 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவை 1000 மி.மீ. குவியத் தூரத்துடன் பொருத்தினால் முழுக் குழுவும் சுமார் 310 பிக்சல் அகலம் பெறும், 400 மி.மீ. எனில் 125 பிக்சல்கூடத் தேறாது.

பலரும் தவறுவது வடிகட்டியில்தான். நெபுலாக்களுக்குப் பயன்படும் குறும்பட்டை ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியையே அனுமதிக்கும். ஆனால் குழுவில் நால்வர் சுமார் 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்துகொண்டு நம்மைவிட்டு வேகமாக விலகிச் செல்வதால், அவற்றின் ஹைட்ரஜன் ஒளி 670 நானோமீட்டர் அருகே நகர்ந்து, வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது. நமக்கு வெகு அருகில், சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்ஜிசி 7320 என்ற ஐந்தாவது திரளின் ஹைட்ரஜன் ஒளி மட்டுமே தப்பி வரும். (ஐவரில் இவர் உண்மையில் உறவினரே அல்லர், பார்வைக்கோட்டில் வந்து நிற்பவர்.)

ஆகவே நிலவில்லாத இரவில், குறும்பட்டை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பல மணி நேரப் பதிவுகளைச் சேர்ப்பதே பலன் தரும். குழுவைத் தேட, அரைப் பாகை தொலைவில் பிரகாசமாகத் தெரியும் என்ஜிசி 7331 என்ற விண்மீன் திரளில் தொடங்குங்கள்.