நம்ம ஸ்டேஷனில் வண்டி நிற்க வேண்டுமா? மனு போடுவது எப்படி

அந்த எக்ஸ்பிரஸ் இங்கே ஒரு நிமிடம் நின்றால் என்ன, காலை வண்டிக்கு இன்னும் இரண்டு பொதுப்பெட்டி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? இரணியலிலும் குழித்துறையிலும் பிளாட்பாரத்தில் நிற்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. இதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க சங்கமோ லெட்டர்பேடோ தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் கொஞ்சம் பிடிவாதமும் போதும்.

முதல் வேலை, யாருக்கு எழுதுவது என்பது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-லேயே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் ரயில் 1979-ல்தான் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது, திருநெல்வேலிப் பாதை 1981-ல். இன்றைக்கும் நம் ஸ்டேஷன்கள் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கின்றன. பக்கத்துத் திருநெல்வேலி மதுரைக் கோட்டம் என்பதால் பலர் மதுரைக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நம்மையும் மதுரைக் கோட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது பழைய கோரிக்கை, நியாயமும் இருக்கலாம், ஆனால் அதை உங்கள் மனுவில் கலக்காதீர்கள். அது தனி விஷயம்.

அடுத்து, ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. இதை எவ்வளவு சொன்னாலும் யாரும் கேட்பதில்லை! புது வண்டி, நிறுத்தம், கூரை, குடிதண்ணீர், கழிப்பறை என்று பத்து விஷயத்தை ஒரே தாளில் எழுதினால், அதில் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், மீதி ஒன்பதும் அதோடு முடிந்தது. தண்ணீர், விளக்கு, டிக்கெட் கவுண்டர் நேரம் எல்லாம் கோட்ட அளவில் முடிகிற காரியங்கள். எக்ஸ்பிரஸ் வண்டிக்கு நிறுத்தம், புது வண்டி, ஓடுகிற வண்டியை நீட்டிப்பது என்றால் கோப்பு சென்னைத் தலைமையகம் வழியாக டெல்லி ரயில்வே வாரியம் வரை போக வேண்டும். ஓடுகிற பெட்டியில் விசிறி சுற்றவில்லை, நாற்றம் அடிக்கிறது என்றால் மனுவே வேண்டாம், 139-க்கு அடியுங்கள். ஆனால் அதே 139-ல் நிறுத்தம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

சரி, நிறுத்தம்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் உண்மையான உழைப்பு. ரயில்வே முதலில் பார்ப்பது வருமானத்தை. அதனால் உங்கள் ஸ்டேஷனில் மாதந்தோறும் எத்தனை டிக்கெட், எத்தனை சீசன் டிக்கெட் விற்றது, எவ்வளவு வசூல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய். தபாலில் போட்டால் போஸ்டல் ஆர்டர் வைக்கலாம், ஆன்லைனிலும் போடலாம், தமிழிலேயே எழுதவும் சட்டம் இடம் தருகிறது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. “ஏன் நிறுத்தவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. “கடந்த மூன்று ஆண்டு விற்பனை விவரம், இந்த நிறுத்தம் பற்றி நடந்த கடிதப் போக்குவரத்தின் நகல்” என்று ஆவணமாகக் கேளுங்கள். நகல் கையில் வந்தால் கோப்பு எந்த மேஜையில் படுத்திருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

அப்புறம் யார் பயணிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் புற்றுநோய் மையத்துக்கும் போகிற நோயாளிகள், அங்கே வேலைக்குப் போகிறவர்கள், நாகர்கோவில் கல்லூரிகளுக்கு வருகிற பிள்ளைகள். திங்கள்நகர், கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து மக்கள் இப்போது எந்த பஸ்ஸில், எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறார்கள் என்று இரண்டு வரி போதும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இப்படி எழுதலாம்:

“பொருள்: வண்டி எண் ____-க்கு ____ ரயில் நிலையத்தில் ஒரு நிமிட நிறுத்தம் கோருதல். இந்த நிலையத்தில் ____ ஆண்டில் விற்ற டிக்கெட்டுகள் ____, வருமானம் ரூ. ____ (தங்கள் அலுவலகம் தந்த பதில் இணைப்பு). காலை ____ மணிக்கும் ____ மணிக்கும் இடையே திருவனந்தபுரம் செல்ல இங்கே வேறு வண்டி இல்லை. சோதனை அடிப்படையிலாவது நிறுத்தம் தர வேண்டுகிறோம்.”

அந்த “சோதனை அடிப்படையில்” முக்கியம். நிறுத்தங்களைப் பெரும்பாலும் அப்படித்தான் தருகிறார்கள்.

கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஸ்பீட் போஸ்ட், சென்னையில் பொது மேலாளருக்கு ஒரு நகல், எம்.பி. அலுவலகத்தில் நேரில் ஒரு நகல். பொது மேலாளர் கோட்டவாரியாக எம்.பி.க்களைக் கூட்டிப் பேசுவதுண்டு, எம்.பி. அங்கே கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் உங்கள் வரி ஏறினால் அதற்கு எழுத்தில் பதில் கிடைக்கும். மத்திய அரசின் குறைதீர்ப்பு தளத்திலும் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

பதில் பெரும்பாலும் “நடைமுறையில் சாத்தியமில்லை” என்றுதான் வரும். சோர வேண்டாம், காரணத்தைப் பாருங்கள். நாகர்கோவில்–திருவனந்தபுரம் இரட்டைப் பாதை முழுதாக முடியும்வரை கிராஸிங் (ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்கு வழிவிட நிற்பது) சிக்கல் என்பார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் அதே வண்டி உங்கள் ஸ்டேஷனிலேயே கிராஸிங்குக்காக நிற்கிறதா என்று சில நாள் நேரம் குறித்துப் பாருங்கள். நின்றால், “எப்படியும் நிற்கிற வண்டிதானே” என்று அடுத்த மனுவின் முதல் வரி கிடைத்துவிட்டது. புது வண்டி கேட்பவர்கள் எந்த ரேக் (ஒரு வண்டியின் முழுப் பெட்டித் தொடர்) நாகர்கோவிலில் பகல் முழுக்கச் சும்மா கிடக்கிறது என்று பார்த்துச் சொன்னால் மதிப்பு கூடும்.

கோபத்தில் தண்டவாளத்தில் உட்காரலாம் என்று யாராவது கிளம்பினால் ரயில்வே சட்டம் 174-வது பிரிவை ஞாபகப்படுத்துங்கள், இரண்டு வருடம் வரை சிறை. பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிற பையன்கள்தான் மாட்டுவார்கள்.

நிறுத்தம் கிடைத்துவிட்டதா? மாலை போட்டு வரவேற்பதெல்லாம் இருக்கட்டும். இரணியலில் ஏறுகிறவர் டிக்கெட்டை நாகர்கோவிலிலிருந்து எடுத்தால் கணக்கு நாகர்கோவிலுக்குப் போகும், சோதனைக் காலம் முடியும்போது இரணியல் கணக்கு காலியாக இருக்கும். மொபைலில் எடுத்தாலும் ஏறுமிடத்தில் உங்கள் ஸ்டேஷன் பெயர்தான் இருக்க வேண்டும் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது போடுங்கள்.