பழைய வீட்டு மர ஜன்னலை மாற்றப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ராயக்கோட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டு ஜன்னல்கள் தாத்தா காலத்துத் தேக்கு. தெருப்பக்கம் மூன்று ஜன்னல், மூன்றிலும் கீழ்க்கட்டை போய்விட்டது, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்கிறது. யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் போடுகிற ஒருவர் வந்து டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, "நாலே நாள்ல முடிச்சிரலாம் சார், இதுக்கெல்லாம் எதுக்குப் பேப்பரு" என்றார். பெரியப்பாவும் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கோட்டைக்குப் போகிற வழியில் தொல்லியல் துறைப் பலகையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், ஒருநாளாவது நின்று படித்திருக்கிறோமா? அன்றைக்குத்தான் படித்தேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

நீங்களும் முதல் தடவையாக இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால், நான் கடைசியில் செய்ததை, அதாவது கோட்டைக்குப் பக்கத்து வீட்டில் கை வைக்க அனுமதி வேண்டுமா என்று பார்ப்பதை, முதலில் செய்யுங்கள்.

முதலில் தூரம்

ராயக்கோட்டை மலைக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 1958-ஆம் வருடத்துத் தொல்லியல் சட்டத்தை 2010-இல் திருத்தினார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதையும் தாண்டி இன்னொரு 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டருக்குள் வீடு இருந்தால், புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல, பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் அனுமதிக் கணக்கில் வந்துவிடும். அனுமதியில்லாமல் செய்து மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம்.

இங்கேதான் நம்மூர்க்காரர்கள் நிறைய பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். "கோட்டை மலை உச்சியில இருக்கு, நம்ம வீடு அடிவாரத்துல இருக்கு, நமக்கென்ன?" என்று நினைப்பார்கள். தூரத்தை உச்சியிலிருக்கும் மதில் சுவரிலிருந்து அளப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்திருக்கிறார்களே, அந்த எல்லையிலிருந்து அளப்பார்கள். மலைக்கோட்டைகளில் அந்த எல்லை எந்த சர்வே எண் வரைக்கும் வருகிறது என்பதுதான் விஷயமே. போன் மேப்பில் கோடு இழுத்துப் பார்ப்பது நம் மனத்திருப்திக்கு மட்டும். உங்கள் சர்வே எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போய்த் தொல்லியல் துறையிடமே கேட்டுவிடுங்கள்.

மாநிலத் தொல்லியல் துறை காக்கிற சின்னங்களுக்கு 1966-ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. தர்மபுரி, அதியமான்கோட்டைப் பக்கம் பழைய கோவிலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள், அந்தக் கோவில் மத்தியப் பட்டியலா மாநிலப் பட்டியலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், போக வேண்டிய ஆபீசே அதை வைத்துத்தான் மாறும்.

(இங்கிலாந்தில் இருக்கும் மாமா மகனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அங்கே வீடே பாரம்பரியப் பட்டியலில் இருக்குமாம். அப்படிப்பட்ட வீட்டில் அனுமதி வாங்காமல் பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினால் 1990 சட்டப்படி அது குற்றம். நம்மூரில் பெரும்பாலும் வீட்டை யாரும் கண்டுகொள்வதில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் நம்மைப் பிடிக்கும்.)

அடுத்தது, வீட்டின் வயது

100 மீட்டருக்குள் வீடு இருந்தால் ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1992 ஜூன் 16. அதற்கு முன்பே இருந்த வீடு, அல்லது பிற்பாடு முறையாக அனுமதி வாங்கிக் கட்டிய வீடு என்றால் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். தாத்தா கட்டிய வீடு என்று ஊருக்கே தெரியும்தான், ஆனால் அதிகாரிக்குக் காகிதம் வேண்டும். பழைய வீட்டு வரி ரசீது, பத்திரம், கரண்ட் இணைப்புக் கொடுத்த காலத்துக் காகிதம் என்று தேதி போட்ட எதுவும் உதவும். எங்களுக்குக் கைகொடுத்தது பெரியம்மா டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்த வரி ரசீதுகள், அதில் ஒன்றில் 1987 என்று ஊதா மையில் தெளிவாக இருந்தது. கிராம நத்தத்தில் வீடு என்றால் பட்டாவில் பெயர் யார் பெயரில் இருக்கிறது என்று அப்போதே பார்த்துவிடுங்கள். செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யத்தான் அலைய வேண்டியிருக்கும்.

பழுதா, புதுக்கட்டுமானமா

விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம்தான் சட்டத்தின் பார்வையில் பழுதுபார்ப்பு, அதில் புதிதாகக் கட்டுவதும் இடித்துக் கட்டுவதும் சேராது. அதனால் ஜன்னல் திறப்பின் அகல உயரத்தை மாற்றாதீர்கள், ஜன்னல் இருந்த இடத்தில் பால்கனிக் கதவு வைக்கலாமே என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "தெருப்பக்கம் மூன்று ஜன்னல், இன்ன அளவு, அதே இடத்தில் அதே அளவில் அதே மரத்தில், கீழ்க்கட்டையும் இரண்டு கதவும் மட்டும் மாற்றம்" என்று தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு ஜன்னலையும் உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று, மூலையில் அளவுகோல் தெரிகிற மாதிரி ஒன்று என்று படம் எடுத்துச் சேருங்கள்.

விண்ணப்பம் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் இணையதளம் வழியாகப் போகும். ஆணையத்துக்கு அனுப்பப்படும் விண்ணப்பம் என்றால், தகுதி பெற்ற அதிகாரி (விண்ணப்பத்தை வாங்கி, கடைசியில் முடிவு சொல்பவர்) 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும், ஆணையம் 2 மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும், அது வந்து 1 மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மூன்றரை மாதம். ஆடியில் விண்ணப்பித்துவிட்டு தீபாவளிக்குள் வேலை முடியும் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைக்காதீர்கள். இதோடு பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது தனி வாசல்.

காத்திருக்கும்போது ஆசாரியைக் கூப்பிடுங்கள்

கொட்டேஷனுக்காக இல்லை, பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஆசாரி உளியின் முனையால் கட்டையைக் குத்திக்கொண்டே போனார். கீழே நான்கு விரற்கடை வரைக்கும் உளி சாதாரணமாக இறங்கியது, அதற்கு மேலே டக்கென்று நின்றது. "மேல இரும்பு மாதிரி இருக்கு தம்பி, இதைப் போயி கழட்டறேன்னு சொல்றீங்களே" என்றார். "முழு நிலையையும் எடுத்துட்டா நல்லதில்லையாண்ணே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு மேலே இருந்த மரப்பலகையைக் காட்டினார். மண்சுவரில் அந்தப் பலகையும் நிலையும் சேர்ந்துதான் மேல் சுவரைத் தாங்குகின்றன, நிலையைப் பெயர்த்தால் கூடவே சுவரும் வரும். சுவர் வந்தால் உங்கள் பழுதுபார்ப்பு காகிதத்திலும் வேறு வேலையாகிவிடும்.

அவர் சொன்ன வழி இதுதான். நிலை சுவரிலேயே இருக்கட்டும். கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அதே சாய்வில் நன்றாகக் காய்ந்த தேக்குத் துண்டை ஒட்டுப்போட்டு மர ஆணி அடிக்க வேண்டும். நேராக அறுத்து ஒட்டினால் நிற்காது, சாய்வு நீளமாக இருந்தால்தான் பிடி கிடைக்கும். சுவரைத் தொடுகிற முகத்துக்குக் கரையான் மருந்து. நிலைக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப்போன இடத்தில் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புக் காரை போதும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, அந்த ஈரம்தான் முதல் தடவையும் கட்டையைக் கெடுத்திருக்கும்.

பழைய கீல், கொண்டி, கம்பி எதையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேய்த்தாலே துரு போய்விடும்.

அனுமதி வந்ததும் உத்தரவை ஒருதடவை முழுசாகப் படியுங்கள், நிபந்தனை ஏதாவது போட்டிருப்பார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து வேலை நடக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் உளிச்சத்தம் கேட்ட இரண்டாவது நாளே ஒருவர் வாசலில் வந்து நின்று என்ன வேலை என்று கேட்டார், பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே காகிதத்தை நீட்டினார்.