பாடம் செய்த விலங்கைக் கலைப்படைப்பில் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு பயிற்சிப் பட்டறையில், பாடம் செய்த பழைய வல்லூறு ஒன்றைத் தம் முதல் படைப்புக்காகக் கொண்டுவந்திருந்த இளம் கலைஞர் ஒருவர், அதன் காலில் நூலால் கட்டியிருந்த பழுப்பேறிய சீட்டை வெட்டி எடுக்கக் கத்தரிக்கோல் கேட்டார். அது கண்ணை உறுத்துகிறது என்பது அவர் சொன்ன காரணம். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே காரணத்தைச் சொல்லித்தான் அதே பிழையைச் செய்தேன். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். இறகை மடங்காமல் பிடிப்பது, தையலைச் சீர்செய்வது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தருவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

திரவத்தில் மிதப்பதையும் பாடம் செய்ததையும் ஒன்றாகக் கருதுவது

பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991இல் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்த புலிச்சுறா, ஃபார்மால்டிஹைடு கரைசலில் கிடந்த முழு உடல். அது நாளடைவில் சிதைந்துபோனதால் 2006இல் அதன் இடத்தில் வேறொரு சுறா வைக்கப்பட்டது. பாடம் செய்த விலங்கில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் தோலும் அதன் மேலுள்ள மயிரோ இறகோ மட்டுமே. உள்ளே இருப்பது ஒருவர் கட்டிய வடிவம், கண் கண்ணாடி. தலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை உங்களுக்கு முன்பே ஒருவர் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவையும் சேர்த்தே நீங்கள் கையில் எடுக்கிறீர்கள்.

பழைய உடலைத் துளைப்பது, தேய்ப்பது

பழைய தோலில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும். இல்லை என்று சோதனையில் தெரியும்வரை கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடாதீர்கள்.

காலில் கட்டிய சீட்டை அறுத்தெறிவது

ஒரு பழம்பொருள் விற்பனையில் நான் வாங்கியது ஒரு கூகை. அதன் வலக்காலில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சீட்டு ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் வரிசை எண், மறுபக்கம் மங்கிய மையில் ஓர் ஊர்ப்பெயர், ஒரு ஆண்டு, யாருடைய பெயரின் முதலெழுத்துகளோ இரண்டு. ஆண்டு 193 என்று தொடங்கியது. நான்காவது இலக்கத்தை நான் நின்று படிக்கவில்லை. வெண்மையான பீடத்தின் மேல் அந்தப் பழுப்பு நிறம் ஒட்டவில்லை என்று நூலை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, எட்டு மாதம் அந்தப் படைப்பில் உழைத்தேன். வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்று அதைத் தேர்ந்தெடுத்தது. ஏற்றுமதி அனுமதிக்கு விண்ணப்பித்தபோது, இது என்ன இனம், எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று மூன்று கேள்விகள் வந்தன. முதல் கேள்விக்கு மட்டுமே என்னிடம் விடை இருந்தது. பெட்டி செய்த செலவும் காப்பீட்டுக்குக் கட்டிய பணமும் போயின. அந்தக் கூகை இன்றும் அதே பெட்டிக்குள் என் பட்டறை மூலையில் இருக்கிறது.

1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் கூகை உட்பட ஏறக்குறைய எல்லா ஆந்தை இனங்களும் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில், 1947 மார்ச் 3ஆம் தேதிக்கு முன்பே பாடம் செய்யப்பட்டது என்று நிறுவ முடிந்த பொருளுக்குத் தனிச்சலுகை உண்டு. நான் எறிந்த சீட்டில் இருந்த அந்த நான்கு இலக்கங்களின் மதிப்பு எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இது தொடக்கநிலைக் கலைஞர்களின் தொல்லை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பர்க் 1959இல் செய்த 'கேன்யன்' படைப்பில், பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று ஓவியத் திரையிலிருந்து இறக்கை விரித்து வெளியே நீண்டு நிற்கிறது. அந்தக் கழுகை விற்பதை 1940ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே கொல்லப்பட்ட பறவை அது என்று 1998இல் ரவுஷன்பர்க்கே சான்றுறுதியுடன் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரும், படைப்பை வைத்திருந்த கலைக்கூட உரிமையாளர் இலியானா சொன்னபெண்ட் 2007இல் இறந்தபோது, விற்கவே முடியாத பொருளுக்கு மதிப்பு ஏதுமில்லை என்றனர் வாரிசுகள், வாரிசுரிமை வரி கேட்ட வரித்துறையோ 6.5 கோடி டாலர் என்றது. 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடையாக அளித்த பிறகே வழக்கு ஓய்ந்தது.

இழப்பைவிட என்னை இன்றும் எரிச்சலூட்டுவது வேறொன்று. பிரின்டிஸ் ஸ்னைப்யோர்ன்ஸ்டாட்டிர், மார்க் வில்சன் என்ற கலைஞர் இணையர், பிரிட்டனில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த 34 துருவக் கரடிகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் எங்கே, எப்போது, யாரால் கொல்லப்பட்டது என்ற வரலாற்றைத் திரட்டி, 2004இல் பிரிஸ்டல் நகரில் பத்துக் கரடிகளை ஒன்றாக நிறுத்தினார்கள். நான் அழுக்கு என்று வெட்டியதைத்தான் அவர்கள் கலையாக்கினார்கள். ஊரும் ஆண்டும் போய்விட்ட என் கூகை, எந்தப் பறவையாகவும் இருக்கக்கூடிய ஒரு பறவையாகிவிட்டது. அந்த உயிரைக் கொன்றது முதல் கொடுமை; இரண்டாவதை நான் செய்தேன்.

ஆகவே பொருள் கைக்கு வந்த அன்றே, சீட்டு, பீடத்தின் அடியில் ஒட்டிய தாள், பாடம் செய்தவரின் முத்திரை, வாங்கிய ரசீது ஆகிய அனைத்தையும் இருபுறமும் படமெடுங்கள். சீட்டு கண்ணில் படக்கூடாது என்றால் நூலோடு சேர்த்துப் பின்புறமாகத் திருப்பிவிடுங்கள். பட்டறையில் நாங்கள் அந்த வல்லூறுக்கு அதைத்தான் செய்தோம்.

உண்மை விலங்கு வேண்டுமா என்று கேட்காமலே தொடங்குவது

சீனக் கலைஞர் சாய் குவோ-சியாங் 2006இல் பெர்லினில் காட்டிய 99 ஓநாய்களில் ஒன்றுகூட ஓநாய் அல்ல. வைக்கோலும் கம்பியும் அடைத்த ஆட்டுத்தோல்.

பூச்சி

தோல்வண்டும் அந்துப்பூச்சியும் ஒரு பழைய உடலிலிருந்து கண்காட்சிக் கூடம் முழுவதும் பரவக்கூடியவை. உங்களால் அது நேர்ந்தால் அந்தக் கூடம் மறுமுறை உங்களை அழைக்காது. பாலித்தீன் உறையில் காற்றை இயன்றவரை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கும் அவசரம்தான் பலரைக் கெடுக்கிறது: குளிர்ந்த இறகின் மேல் ஈரம் படிந்து தோல் ஊறிவிடும். ஒரு முழு நாள் மூடியபடியே கிடக்கட்டும். காட்சிக்கு வைத்த பிறகு பீடத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, வாரம் ஒருமுறை அதில் மணல் போன்ற தூளோ, மயிர் அடர்ந்த சிறு புழுவின் உரித்த தோலோ விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.