அழைப்பிதழில் ‘மாண்புமிகு’வை எங்கே போடுவது?

விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முந்தைய இரவு தவறாமல் கிளம்பும் பஞ்சாயத்து இது: யாருக்கு மாண்புமிகு, யாருக்கு மேதகு, யாருக்கு வெறும் திரு. மாண்பு என்றால் பெருமை, அது மிகுந்தவர் மாண்புமிகு. பொருளில் சிக்கலே இல்லை, போடும் இடத்தில்தான் சிக்கல்.

பதவியை ஒட்டி வரும் அடைமொழி இது. அதனால் ‘மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் திரு. இன்னார் அவர்கள்’ என்று முதலில் அடைமொழி, அப்புறம் பதவி, அதற்குப் பிறகு பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். ‘மாண்புமிகு திரு. இன்னார்’ என்று இரண்டையும் பெயரின் தலையில் அடுக்க வேண்டாம். பதவி போனால் அடைமொழியும் போய்விடும், ‘முன்னாள் அமைச்சர் திரு. இன்னார்’ போதும், மனசு கேட்கவில்லையென்றால் முன்னாளை மேனாள் ஆக்கிக்கொள்ளுங்கள், விழாக் குழுவினருக்கு அதில் ஒரு திருப்தி.

தமிழ்நாட்டு வழக்கப்படி முதலமைச்சர், அமைச்சர்கள், பேரவைத் தலைவர் எல்லோருக்கும் மாண்புமிகு. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு ‘மாண்பமை’ என்று போடுவார்கள். மேயருக்குப் பழைய அழைப்பிதழ்களில் ‘வணக்கத்திற்குரிய’ என்று இருக்கும், இப்போது அவரும் மாண்புமிகுதான். ஆட்சியருக்கு மனு எழுதும்போது ‘உயர்திரு’.

குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மேதகு என்பது நெடுநாள் பழக்கம். ஆனால் மேதகுவுக்கு இணையான ‘எக்ஸலென்ஸி’ என்ற ஆங்கில விளியை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் விட்டுவிடலாம் என்று 2012-லேயே, பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, முடிவாகிவிட்டது. எனவே இவர்களுக்கும் மாண்புமிகு போட்டால் தப்பில்லை. இலங்கையிலிருந்து விருந்தினர் வந்தால் கணக்கு வேறு: அங்கே அமைச்சருக்குக் ‘கௌரவ’, ஜனாதிபதிக்கு ‘அதிமேதகு’.

பத்ம விருதுகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘பத்மஸ்ரீ இன்னார்’ என்று அச்சடிக்கவே கூடாது. விருதைப் பெயருக்கு முன்னோ பின்னோ பட்டம் மாதிரி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லிவிட்டது, பாரத ரத்னாவுக்கும் அதே விதி. விருதின் பெருமையை வரவேற்புரையில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் முடிந்ததும் ப்ரூஃபை விருந்தினரின் நேர்முக உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, முன்னெழுத்தையும் துறைப் பெயரையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். துறைகளின் பெயர் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும், போன வருட அழைப்பிதழைப் பார்த்து அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.