வீட்டு லேண்ட்லைனில் வரும் தொல்லை அழைப்புகளையும் மோசடி அழைப்புகளையும் சமாளிப்பது எப்படி?

செல்போனில் வேண்டாத அழைப்பு வந்தால் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். வீட்டு போன் அப்படியில்லை. கூடத்தில் மணி அடிக்கும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். எடுத்தால் மறுமுனையில் ஒரு சத்தமும் இருக்காது. இல்லையென்றால் "வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு பதிவுக்குரல் ஆரம்பிக்கும்.

லேண்ட்லைனை இன்றைக்கும் எடுத்துப் பேசுபவர்களில் வயதானவர்கள் நிறைய. மணி அடித்தால் எடுத்தே பழகியவர்கள், கூப்பிட்டவரிடம் முகத்தில் அடித்தாற்போலப் பேசத் தெரியாதவர்கள். இது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். என் அம்மாவிடம் இரண்டு முறை முயன்றிருக்கிறார்கள். இரண்டாவது முறை ஏமாறுவதற்கு ஒரு நிமிடம்தான் பாக்கி. அதற்கப்புறம் உட்கார்ந்து வீட்டு போனை நான் ஒழுங்குபடுத்திய வரிசைதான் கீழே இருப்பது. தொழில்நுட்பம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

போன் பக்கத்தில் ஒரு நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் வையுங்கள். (கட்டாத பேனா மறுநாள் அங்கே இருக்காது.) வேண்டாத அழைப்பு ஒவ்வொன்றுக்கும் நேரம், திரையில் தெரிந்த எண், என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி போதும்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எந்த வகைத் தொல்லை அதிகம் என்று தெரிந்துவிடும். நிஜமான நிறுவனம் எதையாவது விற்கக் கூப்பிடுகிறது என்றால், வேண்டாம் என்று சொல்லிக் குறைக்க வழி உண்டு. மோசடிக்காரனிடம் அந்த வழி செல்லாது. தெரிந்த ஒருவரோ முகம் தெரியாத ஒருவரோ திரும்பத் திரும்ப மிரட்டினால், ஆபாசமாகப் பேசினால், அது போலீசுக்குப் போக வேண்டிய விஷயம். அப்போது இந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. தேதி, நேரம் சரியாக இருந்தால் தொலைபேசி நிறுவனத்தால் தன் பதிவில் தேட முடியும்.

மௌன அழைப்பைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள், வீட்டில் ஆள் இருக்கிறதா என்று திருடன் பார்க்கிறானோ என்று. பெரும்பாலும் காரணம் வேறு. கால் சென்டர்களில் எண்ணைச் சுழற்றுவது ஆள் இல்லை, கணினி. நிறையப் பேர் எடுக்கவே மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற ஊழியர்களைவிட அதிக வீடுகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்க வைக்கும். கணக்குத் தப்பி அதிகம் பேர் எடுத்துவிட்டால், பேச ஊழியர் கிடைக்காத மீதிப் பேருக்கு மௌனம்தான். அந்த மீதிப் பேரில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான்.

படி 2: கூப்பிடும் எண் தெரிகிறதா என்று பாருங்கள்

காலர் ஐடி இல்லாமல் அடுத்த படிகளில் பாதி நடக்காது. அதற்கு இரண்டு வேண்டும்: எண்ணைக் காட்டும் திரை உள்ள போன், அப்புறம் உங்கள் லைனில் அந்தச் சேவை திறந்திருப்பது. திரை இருந்தும் எண் வரவில்லை என்றால் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும். தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

திரை வந்ததும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பல நாடுகளில் கூப்பிடுபவரின் எண், முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் லைன் வழியாக வந்து சேர்கிறது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால் எண் தெரியாது. இரண்டு மணி விட்டு எடுங்கள்.

ஆனால் எண் தெரிந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். இணையம் வழியாகக் கூப்பிடுகிறவர்கள் உங்கள் திரையில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதைத் தாங்களே போட்டுக்கொள்ள முடியும். உங்கள் வங்கியின் எண்ணையே காட்டலாம். உங்கள் எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்துப் பக்கத்து வீட்டு எண் மாதிரியும் காட்டலாம். இதைத் தடுக்க அமெரிக்காவில் 2021 ஜூன் 30-க்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஸ்டிர்/ஷேக்கன் என்ற சரிபார்ப்பு முறைக்கு மாற வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். அது இணைய வழி இணைப்புகளுக்காக உருவான முறை. பழைய செப்புக் கம்பி லைனில் அதனால் பெரிய பயன் இல்லை.

படி 3: எடுக்காமல் இருக்கப் பழகுங்கள்

சொல்வது சுலபம், எங்கள் வீட்டில் இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. தெரியாத எண் என்றால் ஆன்சரிங் மெஷின் (நாம் எடுக்காதபோது தானே எடுத்து, கூப்பிட்டவர் பேசுவதைப் பதியும் கருவி) எடுக்கட்டும். வேண்டியவர் என்றால் பேசுவார், அவர் குரல் கேட்டதும் ரிசீவரை எடுத்துக்கொள்ளலாம். மோசடிக்காரர்களில் பெரும்பாலானோர் பதிவு ஆரம்பித்ததுமே வைத்துவிடுவார்கள்.

மெஷினில் பதியும் வாசகத்தில் உங்கள் பெயரோ, எண்ணோ, "வெளியூர் போயிருக்கிறோம்" என்பதோ வேண்டாம். "இப்போது எடுக்க முடியவில்லை, செய்தியைச் சொல்லுங்கள்" போதும். தனியாக இருக்கும் பாட்டி வீடு என்றால், குடும்பத்தில் இளைய குரல் ஒன்று பேசிப் பதியட்டும்.

ஒரே மணியோடு நின்றுபோன வெளிநாட்டு எண்ணைத் திருப்பிக் கூப்பிடவே கூடாது. ஜப்பானில் இதற்கு வாங்கிரி என்று பெயர் வைத்தார்கள், "ஒரு மணி அடித்து வெட்டு" என்று அர்த்தம். யாரோ என்னவோ என்று நீங்கள் திருப்பிக் கூப்பிட்டால் நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் பிடிக்கும் எண்ணாக இருக்கும், அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும்.

படி 4: எடுத்துவிட்டால்

"ஹலோ" மட்டும் சொல்லுங்கள். பெயர் சொல்லி எடுப்பது, எண்ணைச் சொல்லி எடுப்பது எல்லாம் பழைய மரியாதை, இப்போது வேண்டாம். "யார் பேசுவது?" என்று அவர்கள் கேட்டால், "நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். கூப்பிட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பதிவுக்குரல் "இனி அழைப்பு வேண்டாம் என்றால் ஒன்பதை அழுத்துங்கள்" என்று சொன்னால் எந்த பட்டனையும் அழுத்தாதீர்கள். மோசடிக் கும்பலுக்கு அது, இந்த எண்ணில் ஆள் இருக்கிறார், சொன்னதைக் கேட்கிறார் என்ற தகவல். பேசாமல் வைத்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பட்டென்று வைக்க மனசு வராது. அதனால் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்கினேன்: "எனக்கு வேண்டாம், வைக்கிறேன்." பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு அவர்களிடம் எழுதி வைத்த பதில் இருக்கும்.

சிலர் மோசடிக்காரனை வேண்டுமென்றே பேச விட்டு நேரத்தை வீணடிப்பார்கள். கேட்க ஜாலியாக இருக்கும். பிரிட்டனில் ஓடூ (O2) என்ற செல்போன் நிறுவனம் 2024 நவம்பரில் டெய்சி என்று ஒரு செயற்கை நுண்ணறிவுப் பாட்டியையே இதற்காக உருவாக்கியது. அந்த வேலை டெய்சியோடு இருக்கட்டும். நீங்கள் பேசப் பேச, உங்களைப் பற்றி ஏதாவது ஒன்று வாயிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும்.

படி 5: கதையை அடையாளம் காணுங்கள்

அம்மாவுக்கு வந்த அந்த இரண்டாவது அழைப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. அழுகிற மாதிரி ஒரு பையன் குரல். "பாட்டி, நான்தான்."

"யாரு, பெரியவனா?"

"ஆமாம் பாட்டி, பெரியவன்தான்."

கவனித்தீர்களா, அவன் எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் எடுத்துக்கொடுத்தார். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றதற்கு ஜலதோஷம் என்றான். வண்டி மோதிவிட்டது, ஒருத்தருக்கு அடி, ஸ்டேஷனில் இருக்கிறேன், வக்கீல் பேசுவார். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத பாட்டி." அடுத்து ஒரு கனத்த குரல் பணம் கட்டக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னது. அம்மா பேனா தேடப் போன நேரத்தில் அவருடைய செல்போன் அடித்தது. சார்ஜரை இங்கே மறந்துவிட்டேனா என்று கேட்க நிஜப் பேரன் கூப்பிட்டிருந்தான். (பேனாவை நூலில் கட்டியது அதற்குப் பிறகுதான். அன்றைக்கே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.)

கதை மாறும், அச்சு மாறாது. வங்கி அதிகாரி, போலீஸ், வரி அலுவலகம், "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று மைக்ரோசாப்ட் பெயரைச் சொல்பவன், எல்லாரிடமும் மூன்று இருக்கும்: இப்போதே செய், யாரிடமும் சொல்லாதே, லைனை வைக்காதே. இதில் ஒன்று காதில் விழுந்தாலும் வைத்துவிடலாம். ஓடிபி, பின் எண் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். அபராதத்தை கிஃப்ட் கார்டாகக் கட்டச் சொல்லும் அரசு அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி மென்பொருள் ஏதாவது போடச் சொன்னால், உங்கள் கம்ப்யூட்டரை அவன் கைக்கு மாற்றச் சொல்கிறான் என்று அர்த்தம்.

இப்போது குரலையே நகல் எடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டதால் "குரல் அவனுடையதுதான்" என்பதும் போதாது. குடும்பத்துக்குள் ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, பள்ளிக்கூடம் மாதிரி இணையத்தில் கிடைக்கிறது எதுவும் வேண்டாம். சின்ன வயதில் அவன் எதைப் பார்த்துப் பயந்து ஓடினான் என்பது மாதிரி ஒன்று.

படி 6: வைத்த பிறகு நீங்களே கூப்பிடுங்கள், அதிலும் ஒரு கண்ணி உண்டு

சந்தேகமாக இருந்தால், வைத்துவிட்டு வங்கி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே கூப்பிட வேண்டும். அவர்கள் கொடுத்த எண்ணையோ, திரையில் தெரிந்த எண்ணையோ அல்ல. இது பலருக்குத் தெரியும். லேண்ட்லைனில் மட்டும் உள்ள தந்திரம் ஒன்று தெரியாது.

பழைய லேண்ட்லைன் அமைப்புகளில், கூப்பிட்டவர் வைத்தால்தான் இணைப்பு உடனே அறுபடும். எடுத்தவர் ரிசீவரை வைத்தாலும் லைன் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். இங்கே வைத்துவிட்டு உள்ளறை எக்ஸ்டென்ஷனில் போய்ப் பேச வசதியாக இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. மோசடிக்காரன் என்ன செய்வான்? "எங்களை நம்ப வேண்டாம், நீங்களே வங்கிக்குப் போன் போட்டுக் கேளுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொல்வான். நீங்கள் வைப்பீர்கள், அவன் வைக்க மாட்டான். நீங்கள் மறுபடி எடுத்ததும் டயல் டோன் சத்தத்தைப் பதிவிலிருந்து ஓட விடுவான். நீங்கள் வங்கி எண்ணை அழுத்துவீர்கள், "வணக்கம், வங்கி" என்று அவனுடைய கூட்டாளி பேசுவான். பிரிட்டனில் இப்படி ஏமாற்றி, கூரியர் ஆளை வீட்டுக்கே அனுப்பி வங்கி அட்டையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால்தான் அங்கே லைன் நிற்கும் நேரத்தைச் சில நொடிகளாகக் குறைத்தார்கள்.

ஆகவே வங்கியை வேறொரு போனிலிருந்து கூப்பிடுங்கள். வேறு போன் இல்லையென்றால், குரல் நன்றாகத் தெரிந்த ஒருவரை முதலில் இதே போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். அவரே எடுத்தால் லைன் சுத்தம்.

படி 7: பிளாக் செய்யுங்கள்

பல கார்ட்லெஸ் போன்களில் பிளாக் வசதி உண்டு. அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணுக்குப் போய் பிளாக் கொடுத்தால் முடிந்தது. எண்ணை மறைத்து வருவதை மொத்தமாகத் தடுக்கவும் சிலவற்றில் வழி இருக்கும். ஆனால் சில மருத்துவமனைகளும் எண்ணை மறைத்தே கூப்பிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் எண்ணில் வருபவன் நாளைக்கு வேறு பொய் எண்ணில் வருவான் என்பதால், ஒவ்வொரு எண்ணாகத் தடுப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சுவர் சாக்கெட்டுக்கும் போனுக்கும் நடுவில் மாட்டும் கால் பிளாக்கர் பெட்டிகள் அதைவிட மேல். அதிலும் "பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் மணி அடி" என்ற முறை. சொந்தக்காரர்கள், டாக்டர், பக்கத்து வீடு என்று இருபது முப்பது எண்ணை ஒரு தடவை உட்கார்ந்து ஏற்றிவிட்டால் போதும். மற்றவர்களைப் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்டு, அப்புறம் மணி அடிக்கும் பெட்டிகளும் உண்டு. ஞாபகமறதி உள்ளவர் தனியாக இருக்கும் வீட்டில் மற்ற எல்லாப் படியையும்விட இதைத்தான் முதலில் செய்வேன்.

உங்களுடையது இணைய வழி லைன் என்றால் பெட்டிகூட வேண்டாம், நிறுவனமே வடிகட்டும் வசதி தரலாம். கேட்டுப் பாருங்கள்.

படி 8: பதிவேட்டில் சேருங்கள்

"விற்பனை அழைப்பு வேண்டாம்" என்று பதியும் பட்டியல் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 2003-இலும், கனடாவில் 2008-இலும், சிங்கப்பூரில் 2014-இலும் வந்தது. பதிவதற்கு அதிக நேரம் ஆகாது. ஒழுங்கான நிறுவனங்களின் அழைப்பு குறையும், மோசடி குறையாது. பட்டியலில் சேர்ந்த பிறகும் எதையாவது விற்க ஒருவன் கூப்பிட்டால், அவன் ஒழுங்கானவன் இல்லை என்பதற்கு அதுவே ஓர் அடையாளம்.

படி 9: ஏற்கெனவே சொல்லிவிட்டால், கட்டிவிட்டால்

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அவர்களுக்கு லாபம். முதலில் வங்கிக்கு, வேறு போனிலிருந்து. அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் எதையாவது போட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அப்புறம் போலீஸ் புகார், நோட்டில் உள்ள நேரத்தோடும் எண்ணோடும்.

சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வரலாம். மிக மரியாதையான குரல், நீங்கள் இழந்த தொகைகூடச் சரியாகத் தெரிந்திருக்கும். பணத்தை மீட்டுத் தருகிறோம், சின்னக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்பார்கள். தொகை அவர்களுக்கு எப்படித் தெரியும்? பணத்தை எடுத்தவர்களே கூப்பிடுகிறார்கள், அல்லது உங்கள் பெயரை அவர்களிடமிருந்து வாங்கியவர்கள். படி 4-இல் உள்ள அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வைத்துவிட்டு, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.