குறட்டைக்காகக் கட்டிலைப் பிரிப்பவர்கள் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கணவனும் மனைவியும் தனித்தனியே படுப்பது கொங்கு நாட்டுக்குப் புதிய வழக்கமன்று. நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய தொட்டிக்கட்டு வீடுகளில் ஆண்கள் திண்ணையிலோ ஆசாரம் என்ற கூடத்திலோ கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள். வெள்ளாமை விளைந்து நிற்கும் காலத்தில் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, காவலுக்குப் போனார்கள். பெண்கள் பிள்ளைகளோடு உள்ளே பாய் விரித்துக்கொண்டார்கள். அதை யாரும் ஒரு செய்தியாகப் பேசவில்லை. பீரோவோடும் மெத்தையோடும் பெண் வீட்டுச் சீராக இரட்டைக்கட்டில் வண்டியேறி வரத் தொடங்கிய பிறகுதான், அதில் இருவரும் படுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணமும் வீட்டுக்குள் வந்தது. ஆகவே குறட்டையினாலோ தூக்கமின்மையினாலோ கட்டிலைப் பிரிக்க நினைப்பவர்கள் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் பிரிக்கும் முன் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் பிரிப்பது ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கவனியுங்கள்

குறட்டை விடுகிறவருக்குத் தன் குறட்டை தெரியாது. அது எப்படிப்பட்டது, நடுவில் மூச்சு நின்றுபோகிறதா என்பதற்கெல்லாம் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் ஒரே சாட்சி. அந்தச் சாட்சி தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டால், ஒரு நோயின் முதல் அறிகுறியைக் கவனிக்க வீட்டில் வேறு ஆளில்லை. அதனால்தான் கட்டிலைப் பிரிப்பதற்கு முன் சில இரவுகளாவது விழித்திருந்து கேட்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன; நாக்கு பின்னால் சரிகிறது; மூச்சுப் பாதை குறுகி, உள்ளே போகும் காற்று மென்மையான அண்ணத்தையும் உள்நாக்கையும் அதிர வைப்பதே குறட்டைச் சத்தம். இது மட்டும்தான் என்றால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தொல்லை. பாதை முழுவதுமாக அடைபட்டு மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றுபோனால், அதற்கு ஸ்லீப் அப்னியா, அதாவது உறக்க மூச்சடைப்பு என்று பெயர். கவனித்துக் கேட்டால் வேறுபாடு தெரியும். குறட்டை படிப்படியாக ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்துவிடும். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். மார்பும் வயிறும் மூச்சுக்காக முயன்றுகொண்டிருக்கும், காற்று மட்டும் வராது. பிறகு செருமலோடும் திணறலோடும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, ஆள் புரண்டு படுத்து மறுபடியும் தொடங்குவார். இதைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். வாயால் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் உரையாடல் இப்படித்தான் முடிகிறது:

“ஏனுங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க.”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங் அம்மிணி. அலுப்புல தூங்கறதுதான்.”

பதிவைப் போட்டுக் காட்டினால் பேச்சு குறையும். மருத்துவருக்கும் அது பயன்படும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, காலையில் தலைவலியோடு எழுவது, மாத்திரை சாப்பிட்டும் அடங்காத இரத்த அழுத்தம், தையல் டேப்பால் அளந்தால் 40 செ.மீ.க்கு மேல் இருக்கும் கழுத்து ஆகியவை குறட்டையோடு சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் ஓட்டுகிறவர்களின் வீட்டார் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். இரவெல்லாம் மூச்சடைத்து அரைகுறையாகத் தூங்கியவர் ஸ்டியரிங் பிடித்தபடி கண்ணயர்ந்தால், பாதிக்கப்படப் போவது அவர் ஒருவர் மட்டுமல்ல.

பெண்கள் குறட்டை விடுவதில்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடமும் இது கூடுகிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பதும் ஒரு காரணமாகலாம். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்கும் குறட்டையை, இரத்த அழுத்தத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதால், பரிசோதனைக்குப் போகும்போது மறக்காமல் சொல்ல வேண்டும். கூச்சத்தால் பெண்கள் இதை மறைப்பதும், கணவன்மார் கேலி பேசிவிட்டு விட்டுவிடுவதும்தான் நோய் நீண்டுபோகக் காரணம்.

மருத்துவர் பெரும்பாலும் ஸ்லீப் ஸ்டடி, அதாவது உறக்கப் பரிசோதனை எழுதித் தருவார். கோவையின் பெரிய மருத்துவமனைகளில் ஓர் இரவு படுக்க வைத்துச் செய்கிறார்கள்; சிலருக்கு வீட்டிலேயே சிறு கருவியைக் கட்டிப் படுக்கச் சொல்வதும் உண்டு. மணிக்கு எத்தனை முறை மூச்சு அடைபட்டது அல்லது குறைந்தது என்பதுதான் முடிவில் முக்கியமான எண். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது சி-பாப் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட இந்த முறையில், முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தோடு வரும் காற்று தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. வாங்கும் முன் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்க்க முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். முகமூடி மூக்கில் சரியாகப் பொருந்தாமல் மூலையில் தூக்கிப் போட்டவர்கள் பலர். நன்றாகப் பொருந்திவிட்டால் குறட்டை அடங்குவதால், கட்டிலைப் பிரிக்கும் தேவையே இல்லாமல் போகவும் கூடும்.

மூச்சு நிற்காத வெறும் குறட்டை என்றால் முதலில் எளிய வழிகளைப் பாருங்கள். மல்லாந்து படுக்கும்போதுதான் நாக்கு அதிகமாகச் சரிகிறது என்பதால், ஒருக்களித்துப் படுத்தாலே பலருக்குப் பாதி அடங்கிவிடும். பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் ரப்பர் பந்தைப் போட்டுவிட்டால், மல்லாந்தவுடன் உறுத்தி அவரே திரும்பிக்கொள்வார். பனியன் கம்பெனிகளுக்குப் பெயர்போன நாட்டில் இதைத் தைத்துத் தர ஆளைத் தேட வேண்டியதில்லை. குடிப்பவர்கள் படுக்கப்போகும் நேரத்தை ஒட்டிக் குடிக்கக் கூடாது. மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகிறது. தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிப் போடுவதும் அதே கெடுதலைச் செய்யலாம். பஞ்சுத் தூசியில் வேலை செய்து மூக்கடைத்துக்கொண்டு வருகிறவர் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம். அந்த நீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். உடல் எடையைக் குறைப்பது எல்லாவற்றையும் விடப் பயன் தரும், எல்லாவற்றையும் விடத் தாமதமாகவும் பயன் தரும்.

எதனால் தூக்கம் கெடுகிறதோ அதற்கேற்பப் பிரியுங்கள்

எல்லாத் தொல்லைக்கும் தனி அறை தேவைப்படாது. ஒருவர் புரளும்போது மெத்தை ஆடி மற்றவர் விழிக்கிறார் என்றால், ஒரே அறையில் இரண்டு கட்டில் போதும். 6 அடி அகல இரட்டைக்கட்டில் இருந்த இடத்தில் 3 அடிக் கட்டில்கள் இரண்டை ஒட்டிப் போடலாம். நடுவில் 2 அடி இடம் விட்டாலும் 8 அடிதான் ஆகிறது, 10 அடி அறையில் அடங்கிவிடும். பீரோக் கதவு முழுவதும் திறக்கிறதா என்று மட்டும் முன்பே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். போர்வைக்காக நடக்கும் இழுபறிக்குக் கட்டிலையே தொட வேண்டாம். சென்னிமலைப் போர்வை ஆளுக்கொன்று வாங்கினால் தீர்ந்தது. ஜெர்மனியிலும் ஸ்கான்டிநேவிய நாடுகளிலும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை என்பது சாதாரண வழக்கம். ஒருவருக்கு மின்விசிறி வேண்டும், மற்றவருக்கு ஆகாது என்றால், வேண்டுகிறவர் பக்கம் ஒரு டேபிள் ஃபேன் வைத்துவிடலாம்.

சத்தம் என்றால் கட்டிலைத் தள்ளிப்போடுவதால் பெரிய பயன் இல்லை. நடுவில் சுவரும் சாத்திய கதவும் வேண்டும். கதவின் அடி இடைவெளியை ஜமுக்காளத்தைச் சுருட்டி அடைத்தால் சத்தம் இன்னும் குறையும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்து அயர்ந்து தூங்குகிறவர்கள்கூடக் குறட்டைக்கு விழித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. சீரான ஓசைக்கு மூளை பழகிவிடும். ஏறி இறங்கி அறுந்து தொடரும் ஓசைக்குப் பழகுவது கடினம். அந்தச் சீரான ஓசையையே துணையாக்கிக்கொண்டு, மின்விசிறியை ஓட விட்டு, நுரையால் செய்த காதடைப்பானையும் வைத்துப் பாருங்கள்.

யார் அறை மாறுவது என்பதில்தான் பல வீடுகள் தவறுகின்றன. நடுச்சாமத்தில் பொறுக்க முடியாமல் எழுந்து ஹாலில் பாய் விரிப்பவர் பெரும்பாலும் மனைவி. விடிவதற்குள் எழுந்து பால் வாங்கி, வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவரும் அவரே. தூக்கம் கெட்டவருக்கே மோசமான இடமும் கிடைப்பது எந்த நியாயத்தில் சேரும்? எங்கே படுத்தாலும் தூங்கிவிடுகிறவர்தான் மாற வேண்டும். இலேசான தூக்கம் உள்ளவருக்கு நல்ல மெத்தையும் இருட்டான அறையும் சேர வேண்டும். மூச்சடைப்பு இருக்கிறது என்று தெரிந்து சிகிச்சை இன்னும் தொடங்காத வீட்டில் மட்டும், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் படுங்கள்; மாடி அறைக்கோ சாளைக்கோ அனுப்ப வேண்டாம்.

இதைப் பகலில், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பேசி முடிவு செய்ய வேண்டும். இரவு 2 மணிக்குக் கோபத்தில் தலையணையை எடுத்துக்கொண்டு போவது தண்டனை போலத் தோன்றும். அதன் கசப்பு காலைக் காப்பி வரைக்கும் நீளும். படுக்கும் முன் அரை மணி நேரம் ஒரே அறையில் இருந்து பேசிவிட்டுப் பிறகு பிரிவதும், விடுமுறை நாளில் ஒன்றாகப் படுப்பதும் இயலும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தாம்பத்தியத்துக்கு ஒரே கட்டிலில் எட்டு மணி நேரம் கிடக்க வேண்டும் என்ற விதி எங்கும் கிடையாது. இருவரும் வெவ்வேறு ஷிப்டில் மில்லுக்குப் போகும் குடும்பங்கள் எப்படியோ நேரம் கண்டுபிடித்துத்தான் வாழ்கின்றன.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

மாமியார் ஒரு நாள் கேட்பார்: “என்ன கண்ணு, ரண்டு பேருக்கும் ஏதாச்சும் சங்கடமா?” மழுப்பினால் ஊகம் வளரும். “அதெல்லாம் இல்லீங்க அத்தை, அவருக்குக் குறட்டைங்க, எனக்கு வெடியால நேரத்துல எந்திரிக்கோணும்” என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. இதைக் கணவரே தன் தாயிடம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மருமகள் சொல்லும்போது புகாராகத் தெரிவது, மகன் சொல்லும்போது ஏற்பாடாகத் தெரியும். பிள்ளைகளுக்கும் அதே காரணத்தைச் சொல்லுங்கள். சீராக வந்த கட்டிலைக் கழற்றினால் பெண் வீட்டார் மனம் நோகும் என்று தோன்றினால், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறையில் ஒற்றைக்கட்டில் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

குறட்டை இல்லாத தூக்கமின்மை

ஒருவருக்குத் தூக்கமே வராமல் மற்றவரையும் எழுப்புகிறார் என்றால் வழி வேறு. சாயங்காலத்துக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். அதிலுள்ள காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு 5 மணி நேரம் போல ஆகும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. படுத்து 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும். தனிக்கட்டில் இருந்தால் மற்றவரை எழுப்பாமல் இதைச் செய்யலாம். மாதக்கணக்கில் நீண்டுபோனால், மாத்திரைக்கு முன், தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் அறிவுறுத்தியிருக்கிறது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அதைக் கேட்கலாம். படுத்தவுடன் கால்களில் குடைச்சல் எடுத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றினால், இரும்புச்சத்துக் குறைவா என்று இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

நோம்பி என்கிற பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் உறவினர் வந்து வீடு நிறையும் நாட்களில் தனி அறை கிடைக்காது. அந்த நாட்களுக்கென்று பந்து தைத்த பனியனையும் காதடைப்பானையும் எடுத்து வையுங்கள். குறட்டை விடுகிறவர் ஆண்களோடு மொட்டை மாடியிலோ வாசலிலோ படுத்துக்கொள்ளட்டும். சி-பாப் பயன்படுத்துகிறவர் ஊருக்குப் போனாலும் கருவியைக் கூடவே கொண்டுபோக வேண்டும். மண்டபத்தில் படுப்பதென்றால் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.